கை மடியில் இருக்கட்டும்

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தச் சமையலறை டைமர் கிர்ரென்று அலறும். அலறியதும் கீபோர்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். கீபோர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் தட்ட மட்டும்தான் வேண்டும். என்ன தட்டுவது என்று சொல்வது மற்றவர் வேலை. சொல்கிறவர் கை மடியில் இருக்க வேண்டும். இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசர் யாராக இருந்தாலும், அவர் நாத்தனாரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவராக இருக்க முடியாது என்று எக்ஸ்பிரஸ் அடித்துச் சொல்வாள்.

எக்ஸ்பிரஸ் என்பது பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். ரத்தம், சளி, சிறுநீர் என்று மனிதர்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதையெல்லாம் சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுக்கும் இடம் அது. அறிக்கைகளைத் தட்டச்சு செய்யக் கீழ்த்தளத்தில் ஒரு அறை, நான்கு மேசை, நான்கு பெண்கள். ஜன்னலோர மேசை பன்னிரண்டு வருடமாக இவளுடையது. டாக்டர் கிறுக்கிய தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டாளென்றால் விரல் இருக்கும் இடம் தெரியாது. மற்ற மூவரும் ஒன்று முடிப்பதற்குள் இவள் மூன்றை முடித்து அடுக்கிவிட்டு, நீங்கள் எல்லாம் என்னதான் செய்கிறீர்கள் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பாள். தாளில் தப்பு இருந்தால் கை தானாகத் திருத்திவிடும். யாரையும் கேட்க மாட்டாள். கேட்டுக்கொண்டு நின்றால் வேலை நடக்குமா?

அக்கம்பக்கத்தார் யாராவது தங்கள் அறிக்கையைக் கொண்டுவந்து, "இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம், நீதான தட்டின?" என்று கேட்டால் மட்டும், "அத டாக்டர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த வார்த்தையைப் பத்தாயிரம் தடவை தட்டியிருப்பாள். அர்த்தத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் மேனேஜர் நால்வரையும் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். புது இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை முடிவுகளை நேராகக் கம்ப்யூட்டருக்கே அனுப்பிவிடும். தட்டச்சு அறையை இரண்டு மாதத்தில் மூடப்போகிறார்கள். ஆனால் இயந்திரம் கண்டபடி அனுப்புவதை ஒழுங்குபடுத்தி அறிக்கையாக்க, சின்னச் சின்ன புரோகிராம் எழுத ஆள் வேண்டும். எட்டு வாரம் பயிற்சி, கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் மாடியில் புது அறையில் நாற்காலி. தேறாவிட்டால் வீடு. ஒரே ஒரு நிபந்தனை: ஜோடியாகத்தான் படிக்க வேண்டும். தட்டச்சு அறையிலிருந்து ஒருத்தி, நோயாளிகளோடும் ரத்தத்தோடும் பழகி வேலை தெரிந்தவர் ஒருவர்.

மற்ற மூன்று பேருக்கும் மறுநாளே ஜோடி சேர்ந்துவிட்டது. எக்ஸ்பிரஸோடு உட்கார ஒரு ஈ காக்கை வரவில்லை. "அவங்ககூட உக்காந்தா நாம வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டு, நமக்கு ஒண்ணும் தெரியலன்னு திட்டுவாங்க" என்று ஒருவர் சொன்னது இவள் காதுக்கே வந்து சேர்ந்தது.

அன்று சாப்பிடும்போது அவள் கணவன்தான் வினையைத் தொடங்கிவைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ஏதோ நட்டு போல்ட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

"தங்கச்சி இருக்காளே."

எக்ஸ்பிரஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். தங்கச்சியும் அங்கேதான் உட்கார்ந்து சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அதே பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அங்கே அவளுக்குப் பெயர் ஊசி. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் நாலு வருடம் முன்னால் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், முன்னறையை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறாள். கெட்டவள் இல்லை. ஆனால் எதையும் ஒரு தடவையில் விடமாட்டாள். "அண்ணி, கேஸ் மூடிட்டீங்களா?" என்பாள். மூடிட்டேன் என்றால் போதாது. "எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்பாள். நாலு வருடமாக எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ராத்திரியும் எந்தப் பக்கம் திருப்பினாள் என்று வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அவளுக்கு எதுக்குங்க? அவ வேலை எங்கயும் போகல" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"அதான் சொல்றேன். அவளுக்கு நஷ்டம் இல்ல. உனக்கு ஆள் வேணும். லிஃப்ட்டுல நாங்க எப்படி? ஒருத்தன் மேல, ஒருத்தன் குழிக்குள்ள. கீழ இருக்கறவன் சொல்லாம மேல இருக்கறவன் பட்டனத் தொடமாட்டான். தொட்டா குழியில இருக்கறவன் கதி என்ன ஆகும்?"

"உங்க லிஃப்ட்ட இங்க கொண்டுவராதீங்க."

"எனக்கென்ன அண்ணி, நான் வரேன்" என்றாள் ஊசி. பிறகு சூப்பைப் பார்த்துக்கொண்டே, "இதுல உப்பு ரெண்டு தடவ போட்டீங்களா?" என்று கேட்டாள்.

இப்படித்தான் சேர்ந்தது அந்த ஜோடி.

பயிற்சி நடந்த இடம் முன்பு ரத்த, சிறுநீர்க் குப்பிகள் வைத்திருந்த அறை. எவ்வளவு கழுவினாலும் பினாயில் வாடை போகவில்லை. கூரை ஒழுகும் மூலையில் வாளி வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் இவர்கள் இருவரையும்விட வயதில் சின்னவள், மெல்லிய குரல். தக்காளிப் பழம்போல் சிவப்பாக ஒரு சமையலறை டைமரைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததால் இரண்டாவது நாளே அவளுக்கு டைமர் என்று பெயர் விழுந்துவிட்டது.

"அக்கா, கையால தட்டறது பெரிசில்ல. என்ன தட்டறோம்னு வாயால சொல்லத் தெரியணும். அதுக்குத்தான் ரெண்டு பேர்" என்றாள் டைமர்.

கையால் தட்டுவது பெரிசில்லையாம். பன்னிரண்டு வருடம் தட்டியவளிடம் வந்து சொல்கிறாள். எக்ஸ்பிரஸுக்கு முதல் நாளே சுருக்கென்றது.

முதல் வாரம் எப்படியோ போனது. எக்ஸ்பிரஸ் கையில் கீபோர்டு இருக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஊசி சொல்வாள், வார்த்தை முழுதாக வெளியே வரும் முன் திரையில் எழுத்து விழுந்திருக்கும். தக்காளி டைமர் அலறிக் கீபோர்டு ஊசியின் கைக்குப் போனால்தான் நரகம். எக்ஸ்பிரஸ் பயிற்சித் தாளைப் பார்த்து வாசித்தால், இவள் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு கீபோர்டின் மேல் குனிவாள். நரம்பு தேடுகிற அதே குனிவு.

"பி... பி எங்க அண்ணி இருக்கு?"

"கீழ வரிசை."

"கீழ வரிசையில... ஆங், இருக்கு. அடுத்து ஆர். ஆர்..."

"மேல! மேல! ஈக்குப் பக்கத்துல!"

"கத்தாதீங்க அண்ணி. பதட்டத்துல நரம்பு ஓடிடும்."

"இங்க என்ன நரம்பு இருக்கு?"

ஒரு வரி தட்டுவதற்குள் பக்கத்து ஜோடி ஒரு பக்கம் முடித்துவிடும். எக்ஸ்பிரஸின் கை மடியில் கிடந்து துடிக்கும். ஒன்பதாவது நாள் அவளால் தாங்க முடியவில்லை. தக்காளி அலறியது, சொல்லிக்கொடுப்பவள் வாளியில் நிரம்பிய மழைத்தண்ணீரைக் கொட்ட வெளியே போயிருந்தாள். எக்ஸ்பிரஸ் கீபோர்டை ஊசி பக்கம் தள்ளி, பெயருக்கு ஒரு நொடி விட்டு, அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லு. நானே தட்டறேன்."

"மாத்தச் சொன்னாங்களே."

"மாத்திட்டோம். மறுபடி மாத்திட்டோம். இந்த வேகத்துல போனா நான் வீட்டுக்குத்தான் போகணும், தெரியுமா? உனக்கு உன் ஊசி இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

ஊசி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். "சரி அண்ணி. எனக்கென்ன" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டைமர் பக்கத்தில் வந்தால் நாற்காலியை இழுத்து ஒரு ஆட்டம் காட்டுவார்கள். போனதும் கீபோர்டு எக்ஸ்பிரஸிடம் திரும்பிவிடும். மூன்றாவது வாரம் முதல் இந்த ஜோடிதான் எல்லாவற்றையும் முதலில் முடித்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம், "உங்க தங்கச்சியையும் சேத்து நான்தான் இழுக்கறேன், ஒரு எழுத்து தட்டறதில்ல" என்றாள். அவன் சட்டையில் கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே, "பட்டனத் தொடாம இருந்தா நல்லதுதான்" என்றான். எந்த லிஃப்ட்டைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

ஆனால் தட்டாவிட்டாலும் ஊசி சும்மா இருக்கிற ஆளா? கேள்வி. சொல்லி முடித்ததும் கேள்வி. ரத்தம் எடுக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்து உட்காருகிறவரிடம், 'நீங்கதானே இன்னார்?' என்று கேட்கவே கூடாது. பயத்திலும் பசியிலும் இருப்பவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான்; அடுத்தவன் ரத்தம் இவன் பெயரில் போய்விடும். 'உங்க பேர நீங்களே சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க' என்றுதான் கேட்க வேண்டும். பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு ஊசிக்கு வேறு மாதிரி பேசவே வராது.

"அண்ணி, இந்த வரி என்ன செய்யும்? நீங்க சொல்லுங்க."

"நீதான இப்ப சொன்ன!"

"நான் சொன்னேன். நீங்க என்ன தட்டினீங்கன்னு சொல்லுங்க."

"நீ சொன்னதத்தான் தட்டினேன். உயிர வாங்காதம்மா."

"அப்ப, சர்க்கரை நூத்தி நாப்பதத் தாண்டினா பக்கத்துல நட்சத்திரம் போடும். தாண்டலன்னா சும்மா விட்டுடும். சரியா?"

"சரி சரி. அடுத்தது."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எக்ஸ்பிரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, சரி சரி என்று சொல்லிச் சமாளித்தாள். ஊசியே கேட்டு ஊசியே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் குண்டு வெடித்தது. இயந்திரம் அனுப்புவதுபோல முப்பது பேர் பட்டியல் ஒன்றை டைமர் தாளில் கொடுத்திருந்தாள். அதை உள்ளே ஏற்றி, எல்லாருடைய அளவையும் கூட்டிச் சராசரி கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பட்டியலைப் படபடவென்று தட்டினாள். ஊசி புரோகிராமைச் சொன்னாள், இவள் தட்டினாள், ஓடவிட்டாள். சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டிவிட்டு நின்றுவிட்டது.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடி திட்டியது. காலை பத்து மணிக்குத் தொடங்கியது, சாப்பாட்டு நேரம் தாண்டியும் தீரவில்லை. மற்ற மூன்று ஜோடிகளும் முடித்துவிட்டு முட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எக்ஸ்பிரஸ் என்ன, சிக்னல்ல நிக்குதா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். டைமர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீ தப்பாச் சொல்லியிருக்க" என்றாள் எக்ஸ்பிரஸ் தாழ்ந்த குரலில்.

"இல்ல அண்ணி. மூணு தடவ பாத்துட்டேன்."

"நான் தப்பாத் தட்டமாட்டேன்."

"தெரியும்."

"அப்ப யாரு? பேயா?"

"எனக்குத் தெரியல அண்ணி. மொதல்ல இருந்து வாய் விட்டுப் படிக்கலாமா?"

"படி! நீயே படி! பாட்டாப் பாடு!" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். நடையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அழுகை என்றால் சோகத்தால் இல்லை. எரிச்சல் தாங்காமல் வருகிற அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அன்று முழுக்க ஊசியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டிலும் பேசவில்லை. ஊசி கேஸைப் பற்றிக் கேட்டபோது எக்ஸ்பிரஸ் கணவனிடம், "வலது பக்கம் திருப்பினேன்னு சொல்லுங்க" என்றாள். அவன் இரண்டு அடி தள்ளி நின்ற தங்கச்சியிடம், "வலது பக்கமாம்" என்றான். ரெண்டு நாள் அந்த வீட்டில் அவன்தான் தபால்காரன். அந்த ரெண்டு நாளும் தோய்த்த துணி காயவில்லை. கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள்.

மூன்றாம் நாள் காலை அறைக்கு வந்து உட்கார்ந்ததும் ஊசி தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். டைமர் கொடுத்த பட்டியல். பதினேழாவது பெயருக்கு எதிரே அளவு எழுதியிருக்கவில்லை, வெறும் கட்டம்.

"அண்ணி, என்கூடப் பேச வேணாம். இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தக் கட்டத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஸ்கிரீன்ல அதே ஆளப் பாருங்க. அங்க என்ன இருக்கு?"

எக்ஸ்பிரஸ் பார்த்தாள். ஒரு சின்னப் படுக்கைக் கோடு.

தட்டச்சு அறையில் அது முதல் பாடம். வெற்றுக் கட்டத்தை வெற்றாக விடக்கூடாது. விட்டால் பின்னால் யாராவது எண்ணை எழுதிவிடுவார்கள். கோடு போடு. பன்னிரண்டு வருடமாக வெற்றுக் கட்டம் கண்ணில் பட்டால் போதும், வலது கைச் சுண்டுவிரல் தானே போய்க் கோட்டைத் தட்டிவிடும். தட்டியது அவளுக்கே தெரியாது. எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்த புரோகிராம் கோட்டை எப்படிக் கூட்டும்? முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

எக்ஸ்பிரஸ் கோட்டை அழித்தாள். "கட்டம் காலியா இருந்தா அந்த ஆள விட்டுடு" என்று ஊசி சொன்னதையும் தட்டினாள். ஓடியது. சராசரி வந்து நின்றது.

நன்றி சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஊசி, "கோடு எதுக்கு அண்ணி போட்டீங்க? தெரிஞ்சா போட்டீங்க?" என்று தொடங்கிவிட்டாள். நன்றி அப்படியே உள்ளே போய்விட்டது.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பரீட்சை. ஜோடிக்கு அரை மணி நேரம். அதற்கு முதல் நாளே தட்டச்சு அறையின் மூன்று மேசைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலோர மேசை மட்டும் இழுப்பறை திறந்தபடி கிடந்தது. எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாடியேறினாள். பயம் இல்லை. விரல் சூடாக இருந்தது.

டைமர் சிவப்புத் தக்காளியை மேசையில் வைத்தாள்.

"இயந்திரம் சில சமயம் ஒரே முடிவ ரெண்டு தடவ அனுப்பிடுது. இதுல நாப்பது வரி இருக்கு. ரெண்டு தடவ வந்தத நீக்கிட்டுச் சுத்தமான பட்டியல் குடுக்கணும். கீபோர்டு இவங்ககிட்ட" என்று ஊசியைக் காட்டினாள். "சொல்றது நீங்க அக்கா. கை மடியில இருக்கட்டும். தட்டறவங்க கேள்வி கேக்கலாம், பதில் சொல்லக்கூடாது. மாத்தறது கிடையாது."

"மாத்தறது கிடையாதா?"

"கிடையாது."

எக்ஸ்பிரஸ் கீபோர்டை ஊசி பக்கம் தள்ளினாள். ஒரு எழுத்துத் தெரியாதவளிடம் கீபோர்டு போய்விட்டதே, அரை மணி நேரத்தில் நாலு வரி தேறுமா என்றுதான் முதலில் பயந்தாள். தக்காளி டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியது. ஊசி ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

எட்டு வாரம் தட்டியிருக்கிறாள். இந்த மாதிரி எத்தனையோ தட்டியாயிற்று. மடியில் விரல்கள் அசைந்தன, அவற்றுக்கு ஏதோ தெரிந்ததுபோல. ஆனால் என்ன தெரியும்? முதல் வரி என்ன? பட்டியலைத் திறக்க வேண்டும். எப்படித் திறப்பது? அந்த வார்த்தையை யார் சொன்னது? ஊசி சொன்னாள். அடுத்தது? ஊசி சொன்னாள். ஒவ்வொரு வரியையும் ஊசியின் குரலில்தான் கேட்டிருக்கிறாள். காதில் விழுந்தது விரல் வழியே போய்விட்டது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து காட்டுகிற அறிக்கைபோல.

இவளை நான் இழுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே என்று நினைத்தபோது முகம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"அண்ணி" என்றாள் ஊசி. ஊசிக்குத் தெரியும். முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் கை அசையவில்லை. "மொதல்ல நம்ம கையில என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க."

"பட்டியல்."

"அது எங்க இருக்கு?"

"உள்ள... ஃபைல்ல இருக்கு."

"அப்ப என்ன பண்ணணும்?"

"திற. ஃபைலத் திற." வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "ஓ... ஓப்பன்னு போடு. அடைப்புக்குறி போடு."

ஊசி தேடித் தேடித் தட்டினாள். ஓ எங்கே என்று கேட்கவே இல்லை. கேட்டால் நேரம் போகும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வரி. இரண்டு வரி. பத்து நிமிடம் போய்விட்டது.  இந்தக் கேள்விகளைத்தான் ஊசி ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டாள். அத்தனைக்கும் எக்ஸ்பிரஸ் சரி சரி என்று தலையாட்டினாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆமாம் என்று கையை நீட்டுகிற நோயாளி மாதிரி.

"இப்ப ஒவ்வொரு ஆளா வராங்க. எதப் பாக்கணும்?"

"பேரு. அதே பேரு முன்னாடியே வந்திருந்தா தூக்கிடு."

ஊசியின் விரல் நின்றது.

"அண்ணி, ஒரே பேரு இருந்தா ஒரே ஆளா?"

"ஆமா" என்றாள். தட்டச்சு அறையில் அப்படித்தான். ஒரே பெயர் இரண்டு தாளில் வந்தால் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடுவாள். எத்தனை கிழித்திருப்பாள்?  அத்தனையும் ஒரே ஆள்தானா? யாரையாவது கேட்டாளா?

"இரு" என்றாள். "இரு, தட்டாத."

"சரி."

"ஒரே பேருல ரெண்டு பேர் இருக்கலாம்."

"அப்ப எப்படித் தெரியும்?"

எக்ஸ்பிரஸ் அவளைப் பார்த்தாள். ஊசியின் முகத்தில் ஒன்றும் இல்லை. ரப்பர் பட்டையை இறுக்கிவிட்டுக் காத்திருக்கும் முகம். காலையில் பசியோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் இவள் கேட்பது எக்ஸ்பிரஸுக்கு நினைவு வந்தது.

"பிறந்த தேதி!" என்று கத்தினாள். பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது. "பேரும் பாரு, பிறந்த தேதியும் பாரு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் தூக்கணும்!"

"கத்தாதீங்க அண்ணி" என்றாள் ஊசி. உதட்டோரம் லேசாக அசைந்தது.

தக்காளி அலற ஒன்றரை நிமிடம் இருக்கும்போது பட்டியல் வந்தது. முப்பத்தாறு பேர். டைமர் குனிந்து பார்த்தாள், தலையசைத்தாள். பிறகு திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த நாலாவது வரி எதுக்கு அக்கா?"

எங்கேயோ பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட வரி. அதைச் சொன்னது இவள்தான். ஊசி ஒரு தடவை சொல்லிக் கேட்டிருந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். சமாளித்தால் மாடி அறையில் நாற்காலி. கீழே இழுப்பறை திறந்து கிடந்த மேசை கண் முன்னால் வந்தது.

"தெரியல" என்றாள் எக்ஸ்பிரஸ். சொன்னதும் ஆத்திரம் பொங்கிவிட்டது, யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்குத் தெரியலம்மா! அது இவளுக்குத் தெரியும். எட்டு வாரமா இவ சொன்னா, நான் தட்டினேன். மாத்தச் சொன்னீங்க, மாத்தல. நான்தான் கீபோர்ட விடல. எழுதிக்கோங்க."

டைமர் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டைமரும் இருந்தாள். இரண்டு ஜோடி தேறிவிட்டது, ஒன்று போய்விட்டது. இவர்களுடையது இரண்டிலும் சேரவில்லை. ஊசி தேறிவிட்டாள், எக்ஸ்பிரஸ் தேறவில்லை.

"தெரியலன்னு சொன்னதால இன்னொரு மாசம் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன் அக்கா" என்றாள் டைமர். "சம்பளத்தோட, மாடியில. மாசக் கடைசியில மறுபடி பாப்பேன். ஆனா அந்த ஒரு மாசம் நீங்க கீபோர்டத் தொடக்கூடாது. ஒரு எழுத்துகூட. சொல்றது மட்டும்தான்."

"தட்டறது?"

"இவங்க இருக்க ஒத்துக்கிட்டாத்தான். ரத்தம் எடுக்கற இடத்துல ஆள் பத்தலன்னு இவங்கள திரும்பக் கேக்கறாங்க."

எல்லாரும் ஊசியைப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நாலு வருடமாக முகத்தைச் சுளித்துச் சுளித்துப் பேசியவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

"எனக்கென்ன, இருக்கேன்" என்றாள் ஊசி.

படியிறங்கும்போது எக்ஸ்பிரஸ் கேட்டாள். "ஏன்?"

இந்த எட்டு வாரத்தில் அவள் ஊசியிடம் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க வேலையில்லாம வீட்டுல உக்காந்தா, அந்த மூஞ்சிய நான்தான அண்ணி பாக்கணும்?" என்றாள் ஊசி. பிறகு, "குடை எடுத்தீங்களா? எங்க வச்சீங்க?" என்றாள்.

திங்கட்கிழமை மாடி அறையில் புது மேசை, ஒரே கீபோர்டு, இரண்டு நாற்காலி. கீழே ஜன்னலோர மேசையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கதவில் இடித்துச் சண்டை போடும் சத்தம் மேலே வரை கேட்டது. எக்ஸ்பிரஸ் கைகளை மடியில் வைத்து, ஒன்றால் மற்றதைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"ஃபைலத் திற. அப்புறம், கட்டம் காலியா இருக்கான்னு பாரு."

"எதுக்கு அண்ணி?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் இந்தத் தடவை பதில் அங்கே இருந்தது, தயாராக.

"காலியா இருந்தா கூட்ட முடியாது. முட்டிக்கிட்டு நிக்கும். சுண்டுவிரல வச்சு எவளாவது கோடு போட்டிருப்பா."

"சரி" என்றாள் ஊசி. விரலை நீட்டிக் குனிந்தாள். மேல் வரிசையில் தேடினாள், நடு வரிசையில் தேடினாள். "ஐ... ஐ எங்க இருக்கு?"

அந்த எழுத்து எக்ஸ்பிரஸின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. ஒரே ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டே தட்டுவாள்.

"தேடு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எங்கயும் போகல. மெதுவாத் தேடு."